ஒரே ஏரிக்கு மறுபடியும்

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது வெளியான அறிவிப்பில் சில எண்கள் இருந்தன. 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள், 16 வகை மீன்கள், 77 வகைத் தாவரங்கள். நல்லாற்று நீரை வாங்கித் தேக்கும் அந்தக் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர்தான். பின்னலாடை ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கும் நகரத்தின் விளிம்பில் அது இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியையும் அது பெற்றுவிட்டது.

அந்த 191 பறவைகளையும் எந்த ஒரு காலையிலும் பார்த்துவிட முடியாது. மார்கழியில் வந்து நிற்கும் வாத்து சித்திரையில் இருக்காது. புரட்டாசியில் இரண்டு நாள் தங்கிப்போகும் உள்ளான் வகை ஒன்றைத் தை மாதத்தில் தேடினால் கிடைக்காது. பட்டியலின் ஒவ்வொரு வரியும், யாரோ ஒருவர் அதே கரைக்குத் திரும்பத் திரும்ப நடந்ததால் சேர்ந்தது. ஆண்டுக்கணக்காக அப்படி நடந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் இல்லை, பறவை பார்க்கும் ஆர்வம் கொண்ட உள்ளூர்க்காரர்கள்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல் என்று ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் இருப்பதாகச் சொல்கிறோம். வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் பட்டியல் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய தாங்கலுக்கு, இருசக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய கண்மாய்க்கு? அவற்றில் மிகப் பலவற்றைப் பற்றி ஒரு பக்கக் குறிப்புகூட இல்லை. அப்படிப்பட்ட ஏரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தொடர்ந்து போய்ப் பதிவு செய்வது எப்படி, அதிலிருந்து அறிவியலுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் வேறு, பதிவு வேறு. இந்த ஏரியில் இதுவரை இன்னின்ன உயிர்கள் தென்பட்டுள்ளன என்பது பட்டியல். அது வளர மட்டுமே தெரிந்தது. ஊசிவால் வாத்து ஒருமுறை அதில் ஏறிவிட்டால், பிறகு முப்பது ஆண்டுகள் வராமலே போனாலும் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். பதிவு என்பது இன்ன நாளில், இன்ன நேரத்தில், இவ்வளவு தூரம் நடந்து பார்த்ததில் எவை எத்தனை இருந்தன என்ற குறிப்பு. உயிர்கள் குறைவது பதிவில்தான் தெரியும்.

குறைவதைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது 'இல்லை' என்ற செய்திதான். ஆனால் இல்லாத பறவைகளின் பெயர்களையெல்லாம் யாரும் எழுதி வைக்க முடியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பார்த்ததிலும் கேட்டதிலும் அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுதிவிட வேண்டும். காகத்தை விடக் கூடாது, மைனாவை விடக் கூடாது, மடையான்தானே என்று தள்ளக் கூடாது. எதையும் விடாத குறிப்பில் ஒரு பெயர் இல்லையென்றால் அந்தப் பறவை அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று பொருள் கொள்ளலாம். அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டு வரும் குறிப்பில் இந்தப் பயன் கிடையாது. அதில் மடையான் இல்லையென்றால், மடையான் இல்லையா, எழுதியவர் விட்டுவிட்டாரா என்று தெரியாது.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ஏரியில் இந்த ஜனவரியில் எழுதிய 20 முழுக் குறிப்புகளில் 16இல் உள்ளான் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில், அதே பாதையில் எழுதிய 20 குறிப்புகளில் 9இல்தான் இருக்கிறது. உள்ளான் இன்னமும் வருகிறது, ஏரிக்குப் போகும் யாரும் அது காணாமல் போய்விட்டதாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் குறிப்புகளில் அது இடம்பெறும் விகிதம் 80 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகிவிட்டது. மனித நினைவால் பிடிக்க முடியாத அளவுக்கு மெதுவாக நடக்கும் மாற்றம் இது.

நாட்டளவில் இப்படித்தான் கணக்கிட்டார்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் இந்தியப் பறவை ஆர்வலர்கள் ஏற்றிய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 2023இல் வெளிவந்தது. ஏறத்தாழ 30,000 பேர் எழுதிய 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை அது ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிடப் போதிய தரவு இருந்தது 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் 204 இனங்கள், அதாவது 60 விழுக்காடு, குறைந்திருந்தன. 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துபோனதால் உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்ட 14 இனங்களில் பனங்காடை, கிளுவை, ஆண்டி வாத்து, உள்ளான் ஆகியவையும் உண்டு. நான்குமே நம் ஊர்களில் சாதாரணமாகத் தென்படும் பறவைகள். வாலை ஆட்டிக்கொண்டே கரையோரம் ஓடும் அந்தச் சின்ன உள்ளானைக் கண்டு யாரும் நின்று படமெடுப்பதில்லை. அப்படிப்பட்ட பறவை குறைவது தெரிய வந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான பேர் அதையும் ஒரு வரியாக எழுதி வைத்ததுதான். இந்தச் செய்தி என்னை மிகவும் பாதித்தது. இன்றைக்குச் சாதாரணமாக இருப்பதை இன்றைக்கே எண்ணி வைக்காவிட்டால், பிற்பாடு குறைந்தது என்று சொல்வதற்கு நம் கையில் ஒன்றுமே இருக்காது.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதையே வேறு கோணத்தில் எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட நிலையையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறை அதைவிடக் குறைந்த நிலையை இயல்பென்று நம்புகிறது. ஆகாயத்தாமரை மூடிய ஏரியை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஏரி என்றால் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் பழைய குறிப்பேடு ஒன்றைத் தவிர வேறெதைக் காட்டி நம்ப வைப்பது?

குறிப்பு எழுதும் முறை கடினமானதன்று, ஆனால் மாறாமல் இருக்க வேண்டும். மதகில் தொடங்கிக் கரையோடு கலங்கல் வரை நடப்பது என்று வைத்தால் எப்போதும் அப்படியே நடக்க வேண்டும். நின்று பார்க்கும் இடங்களும் அவையே. நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், உடன் வந்தவர்கள் எத்தனை பேர், வானம் எப்படி, மதகின் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது என்பதையெல்லாம் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இவை வெறும் சடங்கு இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தவரைவிட மூன்று மணி நேரம் பார்த்தவர் கூடுதல் இனங்களைப் பார்ப்பார், ஒருவரைவிட நால்வர் கூடுதலாகப் பார்ப்பார்கள். முயற்சியின் அளவை எழுதினால்தான் பறவை கூடியதா, பார்வை கூடியதா என்று பிரித்தறிய முடியும்.

எண்ணிக்கை என்றதும் பலர் தயங்குகிறார்கள். நாமக்கோழிகள் முந்நூறு நானூறாக மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாதுதான். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து பைனாகுலரின் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளந்து போக வேண்டும். நெருக்கமான கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். அதனால் கெடுதல் அதிகமில்லை. ஒரே ஆள் ஒரே முறையில் எண்ணினால் பிழையும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது போக்கு சரியாகவே வெளிப்படும். அடையாளம் தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் உண்மையான கெடுதல். 'உள்ளான் இனம், எது என்று தெரியவில்லை, 12' என்பது நேர்மையான, பயனுள்ள ஒரு வரி.

பறவைகள் என்று பொதுவாகச் சொன்னாலும், ஏரியில் அவை நிற்கும் இடத்தை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம். கொசு உள்ளான் நனைந்த சேற்றில், விரற்கடை ஆழத்தில் மேயும். நீண்ட சிவந்த கால்களையுடைய பவளக்காலி அதைத் தாண்டிச் சற்று ஆழத்தில் நடக்கும். சங்குவளை நாரை முழங்கால் தண்ணீரில் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, மீன் தொட்டதும் மூடிக்கொள்ளும். நீலச்சிறகியும் ஆண்டி வாத்தும் மேற்பரப்பில் மிதந்தபடி வடிகட்டியும் தலையை மட்டும் உள்ளே விட்டும் உண்ணும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முழுகி வேட்டையாடும். கூழைக்கடாவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகவே சரிவான கரையுள்ள ஏரி, தண்ணீர் வற்ற வற்ற வெவ்வேறு பறவைகளுக்கு வெவ்வேறு மாதங்களில் விருந்து வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மாசியிலிருந்து சுருங்கும் நம் ஏரிகளின் இயல்பு இதற்கு மிகவும் பொருத்தமானது. வலசை வந்த உள்ளான்கள் வடக்கே திரும்புமுன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பங்குனி மாதத்தில்தான் ஏரியில் சேறு மிகுதியாக வெளிப்பட்டிருக்கும்.

இதைப் பதிவின் வழியே புரிந்துகொண்டவருக்கு, ஏரியைச் சீரமைப்பதாகச் சொல்லி நடக்கும் பல வேலைகளைப் பார்க்கும்போது கவலை வரும். நடுவில் ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக உயர்த்தி, உட்புறம் கல் பதித்து, சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் போட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் ஆழமற்ற ஓரம் என்ற ஒன்று அதன் பிறகு இருக்காது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் வரும், பறவைகள் நிறைய இருப்பதாகவே ஊரார் நினைப்பார்கள். உள்ளான்களும் ஆள்காட்டியும் வாலாட்டியும் இடமிழந்தது குறிப்பேட்டில் மட்டும் தெரியும். வேலை தொடங்கும் முன்பே இரண்டு மூன்று ஆண்டுப் பதிவு கையில் இருந்தால், 'வடக்கு ஓரத்தை இப்படியே விட்டுவிடுங்கள், பங்குனியில் அங்கே இத்தனை பறவைகள் மேய்கின்றன' என்று பொறியாளரிடம் நாள், எண்ணிக்கையோடு சொல்ல முடியும். வெறும் ஆதங்கத்தை விட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

பறவைகளுக்கு விடியற்காலை உகந்தது என்றால் பூச்சிகளுக்கு வெயில் ஏற வேண்டும். தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் சூரிய வெப்பத்தில் உடலைச் சூடாக்கிக்கொண்ட பிறகே நன்றாகப் பறக்கும். ஆறு மணிக்குத் தொடங்கிக் கலங்கல் வரை பறவைகளைப் பார்த்துக்கொண்டு போனால், ஒன்பது மணிக்கு மேல் அதே கரையில் திரும்பி வரும்போது பூச்சிகளின் நேரம் தொடங்கியிருக்கும். பைனாகுலரை விடக் கைபேசிக் கேமரா இங்கே உதவும். இறக்கையின் மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டுத் தோற்றம் என்று மூன்று படங்கள் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் துறை அறிந்தவர்கள் பெயரை உறுதி செய்து தருவார்கள்.

ஏரிக்குப் போகிறவர் தும்பிகளிலிருந்து தொடங்கலாம். தட்டான், ஊசித்தட்டான் இரண்டுமே இளமைப் பருவத்தை முழுக்கத் தண்ணீருக்குள் கழிப்பவை. கொசுப் புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்று வளரும் அந்த இளம் உயிரி, கடைசியில் கோரைத் தண்டில் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். உரித்த கூடு பழுப்பு நிறத்தில் தண்டைப் பற்றியபடியே இருக்கும். பறக்கும் தும்பி எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம், ஆனால் அந்தக் கூடு இருந்தால் அது இந்த ஏரியில்தான் பிறந்தது என்பது உறுதி. எனவே கரையோரத் தண்டுகளைக் குனிந்து பார்க்கும் பழக்கம் மிகவும் பயன்தரும். தண்ணீரின் தன்மையையும் தும்பிகள் காட்டிக்கொடுக்கும். ஆரஞ்சு நிறம் படர்ந்த இறக்கைகளோடு கரையோரம் தாழ்வாகப் பறக்கும் ஒரு சிறு தட்டான் சாக்கடை கலந்த நீரையும் தாங்கும். எல்லா நீர்நிலையிலும் அது இருப்பது இயல்பு. பல இனங்கள் பறந்த கரையில் அது ஒன்று மட்டுமே எஞ்சியிருப்பதாகக் குறிப்பு காட்டினால், வரத்து வாய்க்காலில் என்ன கலக்கிறது என்று மேலே நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தை ஒட்டி வெட்டவெளியில் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் மாலத்தீவில் அவை ஆண்டுதோறும் அக்டோபரில் திடீரென வந்திறங்குவதைக் கவனித்தார். பவளத் தீவுகளில் அவை பெருக நல்ல தண்ணீர்க் குட்டைகள் மிக அரிது. பிறகு எங்கிருந்து வருகின்றன? சென்னை, கொச்சி போன்ற இடங்களில் அவை தென்படத் தொடங்கும் நாட்களையும், மாலேயிலும் இன்னும் தெற்கேயுள்ள தீவுகளிலும் தென்படும் நாட்களையும் அடுக்கிப் பார்த்து, இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை அவை செல்கின்றன என்ற கருத்தை 2009இல் வெளியிட்டார். மழையைப் பின்தொடர்ந்து, பல தலைமுறைகளாகத் தொடரும் அந்தச் சுற்றுப்பயணம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், 'இன்றைக்கு வந்தது' என்று எழுதி வைத்த நாட்களிலிருந்து முளைத்த கருத்து அது.

இன்னொரு சான்று ஜெர்மனியிலிருந்து. கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தில் பெரும்பாலோர் பொழுதுபோக்காகப் பூச்சி பார்ப்பவர்கள். 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வடிவக் கூடாரப் பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை ஒரே முறையில் எடைபோட்டு வந்தார்கள். 27 ஆண்டுத் தரவைச் சேர்த்து 2017இல் ஆய்வுக்கட்டுரை வெளியானபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது தெரிந்தது. உலகமே திடுக்கிட்ட செய்தி. பொறியின் வடிவத்தையும் எடைபோடும் முறையையும் மாற்றாமல் வைத்திருந்ததால்தான் அந்த முடிவை எளிதில் மறுக்க முடியவில்லை.

நம் கரைக்கும் பழைய பூச்சிப் பதிவு மரபு ஒன்று உண்டு. லின்னேயசின் மாணவரான யோஹான் கேர்ஹார்ட் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவிலிருந்து பூச்சியியலாளர் பப்ரீசியஸ் அறிவியல் பெயரிட்டார். தமிழ் அகராதி தொகுத்தவர் என்று நாம் அறிந்த ரோட்லர் பாதிரியாரும் அதே தரங்கம்பாடிக் குழுவைச் சேர்ந்த தாவரவியலாளர்தான். என்ன இனங்கள் இருந்தன என்பதை அவர்கள் சொல்லிச் சென்றார்கள். எந்தக் குளத்தில், எந்த மாதத்தில், எத்தனை என்பது இன்னும் எழுதப்பட வேண்டிய பகுதி.

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அவற்றைத் தேடுவதற்குச் செடியைத் தெரிந்துகொள்வதே குறுக்குவழி. கரையில் எருக்கு இருந்தால் வெந்தய வரியன் முட்டையிடும். அருகிலுள்ள வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அழகிகள் வரும். பூச்சியை எழுதும்போது அது எந்தச் செடியில் அமர்ந்தது, தேன் குடித்ததா, முட்டையிட்டதா என்பதையும் எழுத வேண்டும். பெயரைவிட அந்த உறவு பல சமயம் அறிவியலுக்கு மதிப்புள்ளது.

இப்படித்தான் செடிக்கு வந்து சேர்கிறோம். ஏரிக் குறிப்புகளில் மிகவும் புறக்கணிக்கப்படுவது தாவரம். பறந்துபோகாமல் நிற்பதாலோ என்னவோ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஏரியில் மற்ற உயிர்கள் எங்கே இருக்கும் என்பதைப் பெரும்பாலும் செடிகளே முடிவு செய்கின்றன. நீருக்குள் வேலம்பாசி, மிதக்கும் இலைகளாக அல்லியும் தாமரையும், ஓரத்தில் சம்பும் கோரையும், ஈரக்கரையில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, பொடுதலை, நீர்முள்ளி, மேலே கருவேலமும் புங்கனும். இந்த அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடியிருப்பாளர்கள் உண்டு. இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி அல்லி இலைமேல் நடப்பது மட்டுமில்லை, மிதக்கும் இலைகளின் மேல்தான் முட்டையும் இடுகிறது. நீளவால் இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விட, அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். அல்லி போனால் அந்த வீடு போயிற்று. நத்தைகுத்தி நாரைக்கு வேண்டிய பெரிய நத்தைகளும் நீர்த்தாவரங்களை நம்பியே வாழ்கின்றன.

செடிகளைப் பதிவு செய்யச் சிறந்த வழி, கரையில் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்று அதே திசையில் ஒரு படம் எடுப்பது. ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியது, சம்பு எப்போது வெட்டப்பட்டது, சீமைக்கருவேலம் நீர்ப்பிடிப்புக்குள் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். ஆகாயத்தாமரை மூடும்போது தாழைக்கோழிகளும் மடையான்களும் அதன் மேலேயே நடந்து வாழப் பழகிவிடும். முழுகும் பறவைகளும் மிதக்கும் வாத்துகளும்தான் விலகும். பறவைப் பதிவையும் செடிப் படத்தையும் அருகருகே வைக்கும்போது இந்தத் தொடர்பு கண்ணெதிரே எழுந்து நிற்கும். தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டும் ஊமை.

அதோடு, எந்தச் செடி எந்த நாளில் முதல் பூ விட்டது என்று எழுதுவதும் முக்கியம். அமெரிக்காவில் வால்டன் குளக்கரையில் வாழ்ந்த தோரோ, 1852 முதல் 1858 வரை கான்கார்டு ஊரின் காட்டுச்செடிகள் பூக்கும் நாட்களைக் குறித்து வைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பிரைமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அதே ஊரில் அதே செடிகளைப் பார்த்தார்கள். பொதுவாகக் காணப்படும் 43 இனங்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் பூக்கின்றன என்று 2008இல் வெளியிட்டார்கள். புவி வெப்பமாதலைப் பற்றித் தோரோவுக்கு எதுவும் தெரியாது. பூத்த நாளை மட்டும் ஒழுங்காக எழுதினார், அது போதுமானதாக இருந்தது.

ஏரியைத் தனித்த ஒன்றாகவும் நினைத்துவிடக் கூடாது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் அங்கே மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். சரணாலயத்தைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பறவைகள் மேயும் பெயரற்ற தாங்கலை விட்டுவிட்டால் பயனில்லை. அது மேய்ச்சல் நிலம் என்பதை உணர்த்த, அங்கே போய்ப் பார்த்து எழுதிய ஒருவராவது வேண்டும்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்து வருகிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தொடங்குவதற்கு இவை நல்ல நாட்கள், அனுபவமுள்ளவர்கள் உடன் இருப்பார்கள். சில வரம்புகளை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். கூட்டை நெருங்கிப் படமெடுக்கக் கூடாது, கூடிருக்கும் இடத்தைப் பொதுவெளியில் சொல்லக் கூடாது, பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்பக் கூடாது. ஏரியில் மீன் பிடிப்பவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் பேச வேண்டும். எந்த ஆண்டு கலங்கல் போயிற்று, எந்த மீன் இப்போது வலையில் விழுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு, 'கேட்டறிந்தது' என்று தனியாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஜனவரியோடு நின்றுவிடக் கூடாது. குளிர்காலத்தில் வண்டி வண்டியாக வரும் ஆட்கள் சித்திரை பிறந்ததும் ஏரியை மறந்துவிடுகிறார்கள். அதனால் கோடைக்கான குறிப்புகள் எங்கும் குறைவு. தண்ணீர் வற்றிய ஏரியில் வேலை இல்லை என்பது தவறான எண்ணம். வெடித்த தரையில் ஆள்காட்டி கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும். தண்ணீருக்கடியில் கிடந்த விதைகள் முளைத்து, வேறெந்த மாதத்திலும் காணக் கிடைக்காத சிறு செடிகள் ஏரித்தரையில் பூக்கும். நடுவில் மிஞ்சிய குட்டையில் மீன்கள் அடைபட்டிருக்க, நாரைகள் ஆண்டிலேயே அதிக எண்ணிக்கையில் அங்கே கூடும். மே மாதக் குறிப்பில் 'தண்ணீர் இல்லை, வாத்து இல்லை, ஆள்காட்டி 6, நத்தைகுத்தி நாரை 40' என்று எழுதும் ஒருவர், ஜனவரியில் நூறு பேர் எழுதாத ஒன்றை எழுதுகிறார். வரத்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த நாள், தவளை முதன்முதலில் கத்திய இரவு, மஞ்சள் தட்டான் கூட்டம் தென்பட்ட காலை, முதல் நீலச்சிறகி இறங்கிய தேதி ஆகிய நான்குக்கும் அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி வைக்கலாம். ஆண்டுக்கு நான்கே வரிகள்தான். பத்து ஆண்டுகள் அந்தப் பக்கம் நிரம்பினால், அந்த ஏரிக்கு வடகிழக்குப் பருவமழை எப்படி வந்து சேர்கிறது, உயிர்கள் அதற்கு எந்த வரிசையில் பதில் சொல்கின்றன என்பதற்கு வேறு எங்குமே இல்லாத ஆவணமாக அது இருக்கும்.